பங்களாவிலிருந்து லயத்துக்கு வந்த சொப்புக் கோப்பைகள்: தேடிச் சேர்க்க விரும்புகிறவர்களுக்கு

இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளில், யார் வீட்டுக்குப் போனாலும், அங்கே ஷோகேஸ் இருந்தால், நான் முதலில் பார்ப்பது கீழ்த்தட்டைத்தான். மேல்தட்டில் கல்யாணத்துக்கு வந்த கிளாஸ் செட் இருக்கும், பிள்ளை ஓட்டப்போட்டியில் வாங்கிய கிண்ணம் இருக்கும், பிளாஸ்டிக் பூ இருக்கும். எறியவும் மனமில்லாமல் வைக்கவும் இடமில்லாமல் ஒதுக்கிய சாமானெல்லாம் கீழ்த்தட்டில் பின்பக்கம் கிடக்கும். நோர்வூட் பக்கம் ஒரு வீட்டில் அப்படித்தான் என் முதல் கோப்பையைக் கண்டேன். இரண்டு அங்குல உயரம்கூட இல்லை. வெள்ளையில் நீலப் படம்: ஒரு பாலம், அதன்மேல் மூன்று ஆட்கள், தொங்குகிற கிளைகளோடு ஒரு மரம், மேலே இரண்டு பறவை. கைப்பிடி போய்விட்டது. வீட்டுக்கார அம்மா அதில் ஊசியும் சட்டைப் பட்டனும் போட்டு வைத்திருந்தார்.

அது பிள்ளைகளின் விளையாட்டு டீ செட் ஒன்றில் மிஞ்சிய கோப்பை. நம்ம வீட்டுப் பிள்ளைகள் சிரட்டையிலும் ஈர மண்ணிலும் சோறாக்கி, தேயிலைக் காயைக் கறி என்று வைத்து விளையாடிய அதே காலத்தில், மேலே வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் இருந்த பிள்ளைகளுக்குக் கப்பலில் வந்து இறங்கிய சொப்புச் சாமான். எங்கள் அம்மாயி, அம்மாவின் அம்மா, சின்ன வயதிலேயே பங்களாவில் ஆயா வேலைக்குப் போனவர், அதனால் எனக்கு இந்தச் சாமான் மேல் ஒரு பிடிப்பு உண்டு. பதினான்கு வருஷமாகச் சேர்க்கிறேன். முழு செட் என்று என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்று, மற்றதெல்லாம் அரையும் காலும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டில் இதைச் சேர்க்கிறவர்கள் கோப்பையைக் கவிழ்த்து அடியில் இருக்கும் முத்திரையைப் பார்ப்பார்கள், அதற்குத்தான் காசு கொடுப்பார்கள். மலைநாட்டில் சேர்க்கிற நாம் முத்திரையைப் பார்த்த கையோடு, இது யார் வீட்டிலிருந்து யார் கைக்கு வந்தது என்று கேட்டு அதையும் வாங்கிக்கொள்ள வேண்டும். கோப்பை இன்னும் நூறு வருஷம் இருக்கும். அதை யார் கழுவினார், யார் கொடுத்தார் என்று சொல்லக்கூடியவர்களுக்கு இப்போதே எண்பது வயது தாண்டிவிட்டது.

இந்தச் சாமான் நம்ம பக்கம் எப்படி வந்தது என்று தெரிந்தால்தான் எங்கே தேடுவது என்றும் தெரியும். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை போட்டது 1867-இல். இரண்டு வருஷத்தில், 1869-இல், கோப்பிக்கு இலைத்துரு நோய் கண்டது, அப்புறம் கோப்பி மலையெல்லாம் மெல்ல மெல்லத் தேயிலை மலையானது. துரைமார் குடும்பத்தோடு வந்து தங்கினார்கள். 1885-இல் ரயில் நானுஓயா வரைக்கும் வந்தபிறகு பெட்டி பெட்டியாகச் சாமான் ஏறி வருவதும் சுலபமாகிவிட்டது. பிள்ளைக்கு ஆறேழு வயதானதும் படிக்கச் சீமைக்கு அனுப்பிவிடுவது அவர்களுடைய வழக்கம், பிள்ளை போய்விடும், விளையாட்டுச் சாமான் பங்களா அலுமாரியில் நிற்கும். 1948-க்குப் பிறகு ஒவ்வொரு குடும்பமாகக் கிளம்பியது. 1972-இலும் 1975-இலும் காணிச் சீர்திருத்தத்தில் அரசாங்கம் தோட்டங்களை எடுத்தபோது மிச்சமிருந்தவர்களும் போனார்கள். போகும்போது நல்ல பீங்கானைத் தேயிலைப் பெட்டிக்குள் வைத்துக் கட்டினார்கள். ஓரம் உடைந்த விளையாட்டுக் கோப்பை ஆயாவுக்கோ சமையல் அப்புவுக்கோ போனது, மிச்சம் ஏலத்துக்குப் போனது.

ஆகவே பாதை இரண்டு என்று நினைப்பீர்கள், ஆயா வீடு ஒன்று, கண்டி, நுவரெலியா, கொழும்புப் பழஞ்சாமான் கடை இன்னொன்று. மூன்றாவது ஒன்றும் இருக்கிறது. இந்தியாவோடு செய்த 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு நம்ம ஆட்கள் ஆயிரமாயிரமாகத் தலைமன்னாரில் கப்பலேறினார்களே, அவர்களின் டிரங்குப் பெட்டிக்குள்ளும் இது போயிருக்கிறது. அம்மாயியின் தங்கை, நாங்கள் சின்னம்மாயி என்போம், கோத்தகிரிக்குப் போனபோது துரைசாணி கொடுத்த செட்டை இரண்டு பேரும் பங்கு பிரித்துக்கொண்டார்கள். டீபொட் அம்மாயிக்கு, சீனிக் கிண்ணம் தங்கைக்கு, கோப்பையும் அதற்கு அடியில் வைக்கிற பீரிசும் ஆளுக்கு இரண்டு சோடி. நீங்கள் தேடுகிற மூடி நீலகிரியில் ஒரு வீட்டில் இருக்கக்கூடும். இது எனக்கே நடந்தது, பிறகு சொல்கிறேன்.

சரி, எதைச் சேர்ப்பது? அளவை வைத்து மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பிள்ளையே கையில் பிடித்துக் குடிக்கிற அளவு ஒன்று, கோப்பை ஏறக்குறைய 5 சென்றிமீற்றர் உயரம் இருக்கும். பொம்மைக்கு வைத்து விளையாடுகிற அளவு அதில் பாதி. பொம்மை வீட்டுக்குள் வைக்கிறது இன்னும் சின்னது, சுண்டுவிரல் நகம் அளவு, அது லயத்து வீடுகளில் தப்பிப் பிழைத்து நான் கண்டதே இல்லை. முதல் இரண்டோடு தொடங்குங்கள். முழு செட் என்றால் மூடியோடு டீபொட், மூடியோடு சீனிக் கிண்ணம், பால் ஜக், கோப்பை பீரிசு நாலு அல்லது ஆறு சோடி. சிலதில் கேக் வைக்கிற சின்னப் பீங்கானும், கோப்பையில் மிஞ்சிய சாயத்தை ஊற்றுகிற ஒரு கிண்ணமும் கூட வரும். அந்தக் கிண்ணத்தைக் கண்டால் அது என்னவென்று தெரியாமல் விட்டுவிடுவார்கள், நீங்கள் விடாதீர்கள்.

இங்கே அடிக்கடி நடக்கிற ஒரு தவறு: கடுங்கோப்பி குடிக்கிற சின்னக் கோப்பையை விளையாட்டுக் கோப்பை என்று நினைத்து வாங்குவது. மாத்தளையில் ஜப்பான்காரரின் நொரிட்டாக்கே பீங்கான் தொழிற்சாலை 1970-களில் வந்ததிலிருந்து அப்படிப்பட்ட நல்ல சின்னக் கோப்பைகள் நம்ம பக்கம் நிறைய. அழகான சாமான்தான், ஆனால் பெரியவர்களுக்குச் செய்தது. பெரியவர் விரல் கைப்பிடிக்குள் சுகமாகப் போனால் சந்தேகப்படுங்கள். பிள்ளைச் சாமானில் கைப்பிடி ஓட்டை என் விரல் நுனியோடு நின்றுவிடும்.

அடுத்தது, எந்த மண்ணில் செய்தது என்று பாருங்கள். கோப்பைக்குள் டோர்ச் வெளிச்சம் அடித்து வெளியே விரலை வையுங்கள். விரலின் நிழல் தெரிந்தால் அது போர்சலின் அல்லது எலும்புச் சாம்பல் கலந்த போன் சைனா. வெளிச்சமே வராவிட்டால் மண்பாண்ட வகை, இங்கிலாந்தில் ஸ்டாஃபர்ட்ஷயர் பக்கம் செய்தது பெரும்பாலும் அந்த வகை. அடி வளையத்தில் மெருகு, அதாவது கண்ணாடி மாதிரிப் பளபளக்கிற பூச்சு, போடாத இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள், மண்பாண்டம் அதைக் குடித்துவிடும், போர்சலினில் சொட்டு அப்படியே நிற்கும். ஸ்டாஃபர்ட்ஷயர் சாமானின் அடியில் மூன்று சின்னப் புள்ளி மாதிரி சொரசொரப்பு இருந்தால் குறை என்று தள்ளிவிடாதீர்கள், சூளையில் ஒன்றோடொன்று ஒட்டாமல் முட்டுக்கொடுத்து நிறுத்திய தடம் அது.

நீலப் படத்தை எப்படிப் போட்டார்கள் என்று தெரிந்துகொண்டால் பார்க்கிற கண்ணே மாறிவிடும். செம்புத் தகட்டில் படத்தைச் செதுக்கி, அதை மெல்லிய தாளில் அச்செடுத்து, தாளைக் கோப்பைமேல் ஒட்டித் தேய்த்து, தாளைக் கழுவி எடுத்துவிட்டு, மேலே மெருகு போட்டுச் சுடுவார்கள். வளைந்த கோப்பையில் தட்டையான தாளைச் சுற்றினால் எங்காவது ஓரிடத்தில் விளிம்புகள் சரியாகச் சேராது. என் நோர்வூட் கோப்பையில் கைப்பிடி இருந்த இடத்துக்கு நேர் கீழே பாலத்தின் ஒரு கால் வெட்டுப்பட்டு, அதற்குப் பக்கத்தில் பாதி மரம் திரும்பத் தொடங்குகிறது. அந்தச் சேராத விளிம்பை விரல் நகத்தால் தடவிப் பாருங்கள், எதுவும் தட்டுப்படாது, படம் மெருகுக்குக் கீழே இருக்கிறது. நூறு வருஷத்துக்கு முந்திய ஒரு கை, அநேகமாக ஒரு பெண்ணின் அல்லது பிள்ளையின் கை, ஒரு நாளில் எத்தனையோ கோப்பைக்குத் தாள் ஒட்டிய அவசரம் அந்த இடத்தில் இருக்கிறது. நான் ஒவ்வொரு நீலக் கோப்பையிலும் முதலில் அந்த இடத்தைத் தேடுவேன்.

ஜெர்மன் சாமான் வேறு மாதிரி. துரிங்கியா பகுதியில் இருந்த தொழிற்சாலைகள் உலகத்துக்கே பொம்மைச் சாமான் அனுப்பின. வெள்ளைப் போர்சலின், பொன் கோடு, பிள்ளைகள் அல்லது பூக்களின் வண்ணப் படம், அந்தப் படம் மெருகுக்கு மேலே ஒட்டிச் சுட்டது என்பதால் வெளிச்சத்தில் சாய்த்தால் லேசாக மேடு தெரியும், நாள்பட்ட சாமானில் தேய்ந்தும் போயிருக்கும். அட்டைப்பெட்டிக்குள் நூலால் கட்டி வைத்து விற்றார்கள். ஜப்பான் சாமானில் 1920, 30-களில் வந்த மினுமினுக்கும் பூச்சுள்ளது தனி அழகு, நீரில் மண்ணெண்ணெய் பட்டது மாதிரி ஒரு நிறம் ஓடும், ஓரத்தில் ஆரஞ்சு அல்லது நீலம்.

இனி முத்திரை. இதை மனப்பாடமாக வைத்திருந்தால் கடையில் யாரும் உங்களை ஏமாற்ற முடியாது. வைரக்கட்டம் மாதிரி சாய்சதுர முத்திரை, மூலைகளில் எழுத்தும் எண்ணும் இருந்தால், அது பிரித்தானியாவில் 1842-இலிருந்து 1883 வரைக்கும் வடிவப் பதிவுக்குப் போட்டது. 1884 முதல் அதை விட்டுவிட்டு ஆர்-டி என்ற இரண்டு எழுத்தோடு தொடர் எண் மட்டும் போட்டார்கள், 1900 வரும்போது அந்த எண் மூன்றரை இலட்சத்தைத் தொட்டிருந்தது, அதை வைத்துக் கணக்குப் பார்க்கலாம். இரண்டுமே அந்த வடிவம் பதிவான காலத்தைத்தான் சொல்லும், கோப்பை அதற்குப் பிறகும் பல வருஷம் செய்யப்பட்டிருக்கலாம். 1887-இல் பிரித்தானியா வணிகக்குறிச் சட்டம் கொண்டுவந்த பிறகு ஜெர்மனியில் செய்தது என்ற எழுத்து பரவலாகத் தெரிய வந்தது. 1891-இல் அமெரிக்கா இறக்குமதிச் சாமானில் நாட்டின் பெயர் வேண்டும் என்றதும் எல்லா நாட்டுக்காரரும் பெயர் போடத் தொடங்கினார்கள். நாட்டின் பெயர் மட்டும் தனியாக இருந்தால் 1891-ஐ ஒட்டி அதற்குப் பிறகு என்று வைத்துக்கொள்ளுங்கள், இங்கிலாந்தில் செய்தது என்று முழுசாக எழுதியிருந்தால் பெரும்பாலும் 1900-க்குப் பின். ஜப்பான்காரர் 1921 வரைக்கும் நிப்பொன் என்று போட்டார்கள், அதன்பின் ஜப்பான். ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான் என்று ஆங்கிலத்தில் இருந்தால் யுத்தம் முடிந்ததிலிருந்து 1952 வரைக்குமான கொஞ்ச வருஷத்துச் சாமான், அதற்கென்றே சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். மேற்கு ஜெர்மனி என்றால் 1949-க்குப் பின்.

முத்திரையே இல்லை என்றால் பயப்பட வேண்டாம், போலி என்றும் முடிவு கட்ட வேண்டாம். விளையாட்டுச் சாமானில் இடம் கொஞ்சம், டீபொட்டின் அடியில் மட்டும் போட்டுவிட்டு மற்றதை வெறுமனே விட்டார்கள், சிலதில் பெட்டியில் ஒட்டிய தாளில் மட்டும்தான் பெயர் இருந்தது. அதே மாதிரி முத்திரை இருக்கிறது என்பதற்காக நம்பிவிடவும் வேண்டாம். கொழும்பில் ஒரு கடையில் நிப்பொன் முத்திரை என்று சொல்லி எனக்கு விற்ற செட் சில வருஷத்துக்கு முன் செய்த புதுச் சாமான். முத்திரை மட்டும் பளிச்சென்று இருந்தது, அடி வளையம் முழுக்க ஒரே வெள்ளை, எங்கேயும் தேயவில்லை. உண்மையாகப் பிள்ளை விளையாடிய கோப்பையின் அடி ஒரு பக்கம் கூடவும் ஒரு பக்கம் குறையவும் தேய்ந்திருக்கும், பீரிசின் நடுவில் கோப்பை சுற்றிய வட்டம் தெரியும். அந்தக் கடைக்காரரிடம் திரும்பப் போய்ச் சண்டை போட்டும் காசு வரவில்லை. அன்றிலிருந்து தேய்மானத்தைப் பார்க்காமல் நான் பணத்தை எடுப்பதில்லை. மைக்ரோவேவ் பற்றி அடியில் ஏதாவது எழுதியிருந்தால் யோசிக்கவே வேண்டாம், வைத்துவிட்டு வாருங்கள்.

உடைசலைக் கண்டுபிடிக்க, கோப்பையை உள்ளங்கையில் வைத்து நகத்தால் விளிம்பில் மெதுவாகச் சுண்டுங்கள். நல்ல போர்சலின் மணி மாதிரி ஒலிக்கும், மயிர்க்கோடு மாதிரி விரிசல் விழுந்தது தகரம் மாதிரி ஒலிக்கும், மண்பாண்ட வகை எப்படியும் கொஞ்சம் மந்தமாகத்தான் ஒலிக்கும் என்பதால் அதை இன்னொரு மண்பாண்டக் கோப்பையோடு ஒப்பிட்டே முடிவு செய்யுங்கள். கள்ள நோட்டுப் பார்க்கிற ஊதா டோர்ச் ஒன்று பையில் இருக்கட்டும், ஒட்டிப் பூசி மறைத்த இடம் அந்த வெளிச்சத்தில் வேறு நிறமாகக் காட்டிக்கொடுக்கும். டீபொட்டின் மூக்கு நுனி, மூடியின் குமிழ், கைப்பிடி ஒட்டுகிற இடம், இந்த மூன்றையும் கட்டாயம் பாருங்கள். உலோக ஆணியால் தைத்த பழைய கோப்பை கிடைத்தால் நான் உடனே வாங்குவேன். பசை நன்றாக வராத காலத்தில், விரிசலின் இரண்டு பக்கமும் துளைத்து, ஸ்டேப்பிள் மாதிரிக் கம்பி மாட்டி இறுக்குவார்கள். ஒரு பிள்ளையின் விளையாட்டுக் கோப்பைக்கு யாரோ அவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள் என்றால் அந்தக் கோப்பைக்கு வீட்டில் ஒரு மதிப்பு இருந்திருக்கிறது.

எங்கே தேடுவது என்பதைவிட எப்படிக் கேட்பது என்பதுதான் பெரிய விஷயம். தோட்டத்து வீட்டுக்குப் போய், பழைய சாமான் ஏதும் இருக்கா என்று கேட்டால் இரும்புக்கும் போத்தலுக்கும் வந்த ஆள் என்று நினைத்து இல்லை என்றுவிடுவார்கள். நான் அப்படிக் கேட்பதில்லை. பங்களாவில் வேலை செய்தவர்கள் இந்த டிவிசனில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்பேன். அதற்கு உடனே பதில் வரும், கூடவே ஒரு பிள்ளை எழுந்து வழி காட்ட வரும். அப்புறம் அந்தப் பாட்டியிடம் உட்கார்ந்து, தேத்தண்ணி குடித்து, துரைசாணி எப்படி, பிள்ளைகள் எத்தனை, எந்தக் காம்பராவில் விளையாடுவார்கள் என்று பேச்சுக் கொடுத்தால், அவரே எழுந்து உள்ளே போய் எதையாவது துணியில் சுற்றி எடுத்து வருவார். கோப்பையாக இல்லாமல் ஒரு கரண்டியாகவோ படமாகவோ இருந்தாலும் பொறுமையாகப் பாருங்கள். மாலை நாலரைக்குப் பிறகு போங்கள், கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு மருமகளும் வீட்டுக்கு வந்திருப்பார். வீட்டில் எல்லோரும் இருக்கும்போது வாங்கினால்தான் நாளைக்குப் பாட்டிக்குப் பேச்சு வராது.

விலையைப் பற்றி வெளிப்படையாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் நம்ம ஆட்களே நம்ம ஆட்களை ஏமாற்றுவதைப் பார்த்திருக்கிறேன். தனிக் கோப்பைக்கு வெளிநாட்டிலும் பெரிய விலை கிடையாது, மூடியோடு டீபொட்டுக்கு உண்டு, பெட்டியோடு முழு செட்டுக்கு இன்னும் அதிகம். சொல்லுகிற விலைக்கு வாங்காதீர்கள், அது மிகக் குறைவாக இருந்தால் நீங்களே கூட்டிக் கொடுங்கள். என் முதல் கோப்பைக்கு அந்த அம்மா காசே வேண்டாம் என்றார், ஊசி போட ஒரு டப்பா வாங்கிக் கொடுத்தால் போதும் என்றார். டப்பாவும் கொடுத்தேன், ஆயிரம் ரூபாவும் கொடுத்தேன். முழு செட் எடுத்த வீட்டில், இது கடையில் இவ்வளவுக்குப் போகும் என்று கணக்குச் சொல்லி அதில் பாதிக்கு மேல் இரண்டு தவணையில் கொடுத்தேன். விற்க மனமில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம். படம் எடுத்து, கதையை எழுதிக்கொண்டு வாருங்கள், அதுவும் சேகரிப்புத்தான். பண்டாரவளையில் ஒரு பாட்டி ஆறு வருஷமாகத் தர மாட்டேன் என்கிறார், நான் வருஷத்துக்கு ஒருமுறை போய் அந்தப் பால் ஜக்கைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

வாங்கியதை வீட்டுக்குக் கொண்டுபோவது தனிக் கலை, நம்ம பஸ்ஸும் வளைவும் உங்களுக்குத் தெரியும். தகர பிஸ்கட் டின் ஒன்றும் இரண்டு பழைய துவாயும் எப்போதும் எடுத்துப் போங்கள். மூடியை டீபொட்டின் மேல் வைத்துச் சுற்றவே கூடாது, தனியாகச் சுற்றுங்கள். கைப்பிடிக்குள் துணியைத் திணிக்க வேண்டாம், அழுத்தத்திலேயே விட்டுவிடும். கோப்பைக்குள் கோப்பை வைக்க வேண்டாம். பத்திரிகைத் தாள் நேராகப் பட்டால் மை வெடிப்புக்குள் இறங்கும், முதலில் வெள்ளைத் துணி, அதற்கு மேல் என்னவும் சுற்றுங்கள். டின்னை ஆட்டிப் பாருங்கள், சத்தமே வரக்கூடாது. மேலே ராக்கையில் போடாமல் மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

கழுவும்போது சிங்க்கில் போடாதீர்கள். பிளாஸ்டிக் பேசினுக்குள் துவாயை விரித்து, கை பொறுக்கிற இளஞ்சூட்டில் தண்ணீர், ஒரு சொட்டு சவர்க்கார நீர், ஒவ்வொன்றாக. நுவரெலியாக் குளிரில் ஜில்லென்று இருக்கிற கோப்பையில் கேத்தல் தண்ணீரை ஊற்றினால் அங்கேயே வெடிக்கும். பொன் கோட்டைத் தேய்க்கவே வேண்டாம், மெருகுக்கு மேலே இருப்பதால் ஸ்பொஞ்சோடு வந்துவிடும். ஜிக் மாதிரி வெளுக்கும் மருந்து ஊற்றுகிற ஆசை எல்லோருக்கும் வரும், எனக்கும் வந்தது. மெருகில் வலை மாதிரி வெடிப்புள்ள ஒரு பீரிசை இரவு முழுக்க ஊறவைத்தேன், கறை போனது, ஆனால் மருந்து உள்ளே இறங்கி, காய்ந்தபிறகு மெருகு செதில் செதிலாகப் பெயரத் தொடங்கியது. அந்தப் பீரிசு இன்னும் என்னிடம் இருக்கிறது, வருகிறவர்களுக்குக் காட்டுவேன். ஆணி தைத்ததையும் ஒட்டியதையும் ஊறவைக்காதீர்கள், ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

உடைந்ததை ஒட்ட வேண்டுமா? என் கருத்து, முடிந்தவரை வேண்டாம். கடையில் கிடைக்கிற சூப்பர் கிளூ இறுகினால் பிறகு திருத்திச் சரிசெய்வது பெரும்பாடு. மியூசியங்களில் பரலொயிட் பி-72 என்ற பசையைப் பயன்படுத்துகிறார்கள், அசிட்டோனில் கரைந்துவிடும் என்பதால் நாளைக்குத் தெரிந்தவர் ஒருவர் பிரித்துச் சரியாக ஒட்டலாம். அது கிடைக்கும் வரைக்கும் துண்டுகளை ஒரே பையில் போட்டு, எந்தக் கோப்பையுடையது என்று எழுதி வைத்தால் போதும்.

பீங்கானுக்கு ஈரத்தால் ஒன்றும் ஆகாது, அதைச் சுற்றியிருக்கிற அட்டைக்கும் துணிக்கும்தான் பூஞ்சணம் பிடிக்கும், அந்தக் கறை வெடிப்புள்ள மெருகுக்குள் போகும். ஹட்டன், மஸ்கெலியா பக்கம் ஜூனிலிருந்து செப்டம்பர் வரைக்கும், பதுளை, அப்புத்தளை பக்கம் வருஷக் கடைசி மழையில், பெட்டியில் மூடி வைக்காமல் கண்ணாடி அலுமாரியில் காற்றுப்படி வையுங்கள். கோப்பையைக் கொக்கியில் தொங்கவிட வேண்டாம், நூறு வருஷத்துக் கைப்பிடி அந்தக் கனத்துக்குச் செய்ததில்லை. பழைய பெட்டி கிடைத்திருந்தால் அதை மட்டும் தனியாகக் காய்ந்த இடத்தில் வையுங்கள், பல நேரம் கோப்பையைவிட அதுதான் அரிது.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இதைக் கவனமாகக் கேளுங்கள். பழைய மெருகிலும் மேலே பூசிய வண்ணத்திலும் ஈயம் இருக்கக்கூடும். இதில் ஊற்றி எதையும் குடிக்கக் கொடுக்காதீர்கள், தேசிக்காய்த் தண்ணீர் மாதிரிப் புளிப்பு ஈயத்தை இன்னும் கூடுதலாக இழுக்கும். வாயில் வைக்கிற வயதுப் பிள்ளைக்கு விளையாடவும் கொடுக்க வேண்டாம். என் மகளுக்கு நான் எனாமல் சொப்புச் சாமான் கூடக் கொடுக்கவில்லை, சிரட்டைதான் கொடுத்தேன், அவளுக்கு அது பிடித்துத்தான் இருந்தது.

சட்டத்தையும் ஒரு வரி. நம்ம தொல்பொருள் கட்டளைச் சட்டம், 1940-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கம், 1815 மார்ச் 2-க்கு முற்பட்ட பொருட்களைத் தொல்பொருள் என்கிறது. நாம் சேர்க்கிற செட்டுகளில் அவ்வளவு பழையது மிக அரிது, இருந்தாலும் வெளிநாட்டுக்கு அனுப்பவோ கொண்டுபோகவோ நினைத்தால் முதலில் தொல்பொருள் திணைக்களத்தில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

கடைசியாக, புத்தகம். சிங்கிள் ரூல் கொப்பி போதும். ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு பக்கம்: எந்தத் தோட்டம், எந்த டிவிசன், யார் கொடுத்தார், அவர் பங்களாவில் என்ன வேலை செய்தார், எந்த வருஷம் கைக்கு வந்தது என்று அவர் சொன்னது, அவர் வாயால் சொன்ன ஒரு வசனம் அப்படியே. எண்ணைப் பென்சிலால் சின்னத் தாளில் எழுதிக் கோப்பைக்குள் போடுங்கள், சாமானில் ஒட்டுத்தாள் ஒட்ட வேண்டாம். கூடவே அளவு: உயரம், அடி விட்டம், மூடி இல்லாததற்கு வாய் விட்டம் மில்லிமீற்றரில். இந்தக் கடைசி அளவைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள்.

எங்கள் அம்மாயியின் டீபொட்டுக்கு மூடி இருந்தது, ஆனால் ஆடும். முழு செட் எப்படி இருக்கும் என்று தெரிந்தபிறகுதான் ஏன் என்று விளங்கியது. டீபொட் மூடியில் பெரும்பாலும் ஆவி போக ஒரு சின்னத் துளை இருக்கும், இதில் இல்லை. இது சீனிக் கிண்ணத்து மூடி, பங்கு பிரித்த அன்று இரண்டு மூடியும் மாறிப் போயிருக்கிறது. டீபொட்டின் வாய் 41 மில்லிமீற்றர் என்று கொப்பியில் எழுதி வைத்திருந்தேன். போன மாசம் கோத்தகிரியிலிருந்து சின்னம்மாயியின் பேத்தி வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள், ஜன்னல் திண்ணையில் சீனிக் கிண்ணம், அதற்குப் பக்கத்தில் அதன் மூடியைக் கவிழ்த்து அடிமட்டத்தோடு வைத்திருந்தாள். உள்விளிம்பு 39. பெரிதாக்கிப் பார்த்தேன், குமிழுக்குப் பக்கத்தில் துளை இருந்தது.